ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிராம்

பல் டாக்டர் வாயைத் திறந்தாலே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனிதர், பட்டறைக்கு வந்துவிட்டால் தன் வாயை மட்டும் மூடவே மாட்டார்.

கார்ப் பந்தயத் தடத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் பட்டறைகளில் மூன்றாவது அவளுடையது. பிரேக் வேலை மட்டும்தான், வேறு எதையும் தொடமாட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை "பிரேக் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

டாக்டரிடம் இருந்தது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனியிலிருந்து வரும்போதே இரும்புக்குப் பதில் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்கோடு வந்த வண்டி. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தடத்துக்குக் கொண்டுவந்து விரட்டுவார். அந்த டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்தக் கம்பெனி போட்டுக்கொடுத்த பிரேக் பேட், கடைக்குப் போய்வரவும் கல்யாணத்துக்குப் போய்வரவும் போதும். தடத்துச் சூட்டில் ஆறு சுற்று தாங்கும். ஏழாவது சுற்றில் பெடல் சொத்தென்று உள்ளே போகும். ஆகவே வேறு பேட் போட்டாக வேண்டும். எந்தப் பேட்? அந்தப் பேச்சு மட்டும் ஐந்து வாரம் நடந்தது. ஐந்து வாரம்! சிலர் அதற்குள் பெண் பார்த்து நிச்சயமே முடித்துவிடுவார்கள்.

"அக்கா, இதப் பாருங்க. ஒருத்தர் எழுதியிருக்காரு. ரேஸ் பேட் போட்டாராம். அடிச்சா சுவத்துல முட்டின மாதிரி நிக்குதாம்." டாக்டர் செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அவரு வண்டியில என்ன டிஸ்க்கு சார்?"

"அது... எழுதலையே."

"இரும்பு டிஸ்க்கா இருக்கும். அந்தப் பேட்ல உலோகத்தூள் கலந்திருக்கு. இரும்புக்கு அது சரி. உங்க டிஸ்க்குல போட்டா மேல்தோல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி எடுத்துரும்."

"ஆனா நாப்பத்தேழு பேரு லைக் போட்டிருக்காங்களே!"

அந்த நாற்பத்தேழு பேரும் வந்து வண்டிக்கு முன்னால் நின்று பிடித்து நிறுத்துவார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல் டாக்டர் எதிரே பல்லைக் கடிப்பதும் வம்புதான். ஒரு தடவை அதற்கும் தனியாக அறிவுரை சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் வேறு பேட். அதற்கடுத்த வாரம் முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. ஒரு நாள் பேட் விற்கிறவனையே போனில் பிடித்து அவளிடம் கொடுத்தார். அவன், "எங்க பேட் எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தும் மேடம்" என்றான்.

"எல்லாருக்கும் பொருந்துற மாதிரி செருப்புகூடக் கிடையாதுய்யா, பேட் எங்கேருந்து வரும்?" என்று சொல்லிப் போனை டாக்டர் கையில் திணித்தாள்.

அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது செராமிக் டிஸ்க்குக்கென்றே செய்த தடத்துப் பேட். முதல் இரண்டு சுற்றுக்கு மந்தமாக இருக்கும். சூடேறிவிட்டால் கடைசிவரை ஒரே பிடி. டாக்டருக்கு அந்த முதல் இரண்டு சுற்றுதான் பிடிக்கவில்லை. அவருக்கு வாசலைத் தாண்டும்போதே பிரேக் கடிக்க வேண்டும். கடைசியில் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். "இதுதான் சார். வேண்டாம்னா பக்கத்துல நிறைய பட்டறை இருக்கு, போய்ப் பாருங்க" என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கென்று தடத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் அவளுடைய ஒரே தம்பி. தடத்துக்காரர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பயிற்சியாளன். எந்தத் திருப்பத்தில் எப்போது பிரேக் அடிக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்து கத்துவது அவன் வேலை. அடிப்பது டாக்டர். அவன் பக்கம் பெடலே கிடையாது. இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் அவன் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அவள் மாட்டிய நான்கு ஜோடி பேட்தான். இதை நினைத்தால் அவளுக்குச் சில நேரம் சோறு இறங்காது.

"சரி, உங்க பேட்டே இருக்கட்டும்" என்றார் டாக்டர், தோற்றவர் முகத்தோடு. "ஆனா டிஸ்க்கைத் தின்னுட்டா?"

"தின்னாது. ஒவ்வொரு தடவையும் ட்ராக்ல இறங்குறதுக்கு முன்னாடி கழட்டி எடை போட்டுக் காட்டுறேன். போதுமா?"

எடை போடுவது அவள் கண்டுபிடித்ததல்ல. இரும்பு டிஸ்க் தேய்ந்தால் மெலியும்; விளிம்பில் விரலை வைத்தாலே தெரிந்துவிடும். செராமிக் டிஸ்க் அப்படி மெலியாது. அதிகச் சூட்டில் உள்ளே இருக்கும் கார்பன் நார் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து காற்றோடு போய்விடும். பார்வைக்குப் புதுமாப்பிள்ளை மாதிரி அப்படியே இருக்கும், எடை மட்டும் குறையும். அதனால்தான் டிஸ்க்கின் நடுவே, உலோகக் குடத்தில், இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஓர் எடையைக் குத்தியிருப்பார்கள். டாக்டர் வண்டியின் முன் டிஸ்க்கில் குத்தியிருந்தது ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.

மற்ற பட்டறைகளில் கழற்றின டிஸ்க்கைத் துணியால் ஒரு தட்டுத் தட்டித் தராசில் வைத்துவிடுவார்கள். அவளுக்கு அது ஆகாது. டிஸ்க்கின் உள்ளே காற்றுப் போகிற துளைகளில் பேட் தூள் அப்பிக்கொண்டிருக்கும். தூளையும் சேர்த்து எடை போட்டால் அது என்ன எடை? அவள் ரப்பர் குழாயைப் பிடித்துத் துளை துளையாகக் கழுவுவாள். பிறகு துணியால் துடைத்து, காற்றுக் குழாயால் ஊதி, அதன் பிறகே தராசு. அடுத்த பட்டறை டயர்க்காரர் எட்டிப் பார்த்து, "பச்சப் புள்ளையக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்கம்மா" என்பார். "அதான் உங்க டயர் அந்த லட்சணத்துல இருக்கு" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

முதல் எடை ஆறாயிரத்துப் பதினைந்து. அடுத்த முறை மூன்று கிராம் குறைவு. அதற்கடுத்த முறை இன்னும் மூன்று. ஒவ்வோர் எடையையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பதினோராவது தடவை எடை போட்டபோதும், மூன்று மூன்று கிராமாக, படி இறங்குகிற மாதிரி ஒழுங்காக இறங்கியிருந்தது. இந்தக் கணக்குக்கு இன்னும் பதினைந்து தடவை தாராளமாக ஓடலாம். டாக்டர் வாயையே அடைத்துவிட்டது அந்தச் சீட்டு. அவள் வேண்டுமென்றே அதை அவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருந்தாள்.

ஆனால் தம்பி சும்மா இருக்கவில்லை.

"அக்கா, பிரேக் அடிக்கும்போது உக்கார்ற சீட்டு வழியா ஒரு கரகரப்பு வருது. முதுகுல தெரியுது" என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"முதுகுல தெரியுதா? உனக்கு முதுகுல வேற கண்ணு இருக்கா?"

"விளையாடாத. நெஜமாத்தான் சொல்றேன்."

அவள் சுவரைக் காட்டினாள். மூன்று கிராம். அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனான்.

இரண்டாம் தடவை, "டாக்டர் எப்பவும் அடிக்கிற எடத்துலதான் அடிக்கிறாரு. ஆனா வண்டி ரெண்டு மூணு அடி தள்ளித்தான் வேகம் குறையுது" என்றான். அவள் மறுபடியும் சுவரைக் காட்டினாள்.

மூன்றாம் தடவை அவன் சொன்னபோது பட்டறையில் டாக்டர் இருந்தார், டயர்க்காரர் இருந்தார், வேறு வண்டிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஐந்து வாரம் டாக்டரோடு மல்லுக்கட்டி ஜெயித்த பேட். யாருக்காக மல்லுக்கட்டினாள்? இவனுக்காக! இவனே நாலு பேர் முன்னால் வந்து அதைக் குறை சொன்னால்?

"வாய் இருக்குன்னு பேசாதடா. நான் கழட்டி, கழுவி, எடை போட்டுப் பாக்குறேன். நீ பக்கத்துல சும்மா உக்காந்துட்டு வர்ற. உனக்கு என்ன தெரியும்?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "சரிக்கா" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. கரகரப்பு நின்றுவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது தடவைக்கான ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிருந்தது.

வரிசையில் எந்தப் பட்டறையிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தம்பி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தடம் திறக்க முக்கால் மணி நேரம் இருந்தது. அவள் இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றி, பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, டிஸ்க்கையும் கழற்றிவிட்டாள். கழுவ வழியில்லை. எரிச்சலோடு காற்றுக் குழாயால் துளைகளை ஊதினாள். கறுப்புத் தூள் முகத்தில் அடித்தது. தும்மினாள். இடது டிஸ்க்கைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

"சனியன்" என்றாள் தராசைப் பார்த்து.

"என்னக்கா?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல. தராசு மக்கர் பண்ணுது."

பேட்டரியை மாற்றினாள். முப்பத்தொன்று. தராசை வேறு மேசைக்கு மாற்றி, காலுக்கடியில் காகிதம் வைத்துச் சமமாக்கினாள். முப்பத்தொன்று. அலமாரியிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்தாள். தராசு சரியாக ஐயாயிரம் காட்டியது. கிராம்கூடப் பிசகவில்லை. வலது டிஸ்க்கை வைத்தாள். முப்பத்து நான்கு.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. இன்றைக்கு முப்பத்தொன்று. நடுவே ஒரே ஒரு நாள் ஓடியிருக்கிறது. ஒரே நாளில் ஐம்பத்து நாலு கிராம் எப்படிப் போகும்? போகவே போகாது. தூள் சேர்ந்தால் எடை கூடத்தானே வேண்டும்? கழுவாத டிஸ்க் கழுவின டிஸ்க்கைவிடக் குறைவாக எடை காட்டுமா?

"அக்கா, நேரமாச்சு" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா சார்!"

டாக்டர் மூடிக்கொண்டார். அவள் டிஸ்க்கையே வெறித்துப் பார்த்தாள். கழுவினது, கழுவாதது. வேறென்ன வித்தியாசம் இருக்கிறது? தண்ணீர். விறுவிறுவென்று போய் குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிவந்து அகலத் தொட்டியில் கவிழ்த்தாள். இடது டிஸ்க்கை அதில் மூழ்க வைத்தாள்.

"குடிக்கிற தண்ணிம்மா அது!" என்று டயர்க்காரர் அடுத்த பட்டறையிலிருந்து கத்தினார். அவள் காதில் விழவில்லை. டிஸ்க்கிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. ஐந்து மாதமாகக் குழாயைப் பிடித்துக் கழுவியவள், ஒரு நாளாவது அதைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்ததில்லை. காற்று வெளியே வருகிறது என்றால் அந்த இடத்துக்குத் தண்ணீர் உள்ளே போகிறது.

கால் மணி நேரம் கழித்து எடுத்தாள். எப்போதும்போலத் துடைத்தாள், ஊதினாள். தொட்டுப் பார்த்தால் துளி ஈரம் கிடையாது. தராசில் வைத்தாள். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று.

எரிந்துபோன கார்பன் விட்டுச்சென்ற கண்ணுக்குத் தெரியாத துளைகளில் தண்ணீர் போய் உட்கார்ந்திருக்கிறது. எரிந்ததில் பாதிக்கு மேல் குடித்து நிரப்பியிருக்கிறது. எரிந்ததில் பெரும்பங்கைத் தண்ணீரால் ஈடுகட்டி, மூன்று கிராம், மூன்று கிராம் என்று ஐந்து மாதம் அவளுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறது. ஒழுங்காகச் செய்கிறேன் என்று ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாளே, அதுதான் மறைத்திருக்கிறது. துணியால் ஒரு தட்டுத் தட்டி வைக்கிற சோம்பேறிகள் யாருக்கும் இது நடந்திருக்காது.

ஒரு நொடி, ஒரே நொடி, ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. எண்பத்து மூன்று என்று சீட்டில் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? இன்றைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் பதமாக டிஸ்க்கை மாற்றச் சொல்லலாமே? அப்படி நினைத்ததற்கே தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"வண்டி இன்னைக்கு இறங்காது சார்" என்றாள். "டிஸ்க் ரெண்டும் போச்சு."

"எண்பத்து மூணுன்னு தராசு காட்டுதே. நானும் பாத்துட்டுத்தான இருக்கேன்."

அவள் சொன்னாள். கழுவினது, தண்ணீர் குடித்தது, முப்பத்தொன்று, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "அப்படின்னா ஒம்பது கிராம்தானே கம்மி? ஒரே ஒரு நாள் ஓட்டிக்கிறேனே!"

"ஒம்பது கிராம்னா உங்க வாயில அஞ்சாறு பல்லு சார். புடுங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "எத்தனை பேசினீங்க! எழுதினவன் முட்டாள், லைக் போட்டவன் முட்டாள், நான் முட்டாள். இப்போ? நான் சொன்ன பேட்டைப் போட்டிருந்தா?"

"அது இதைவிடச் சீக்கிரம் தின்னிருக்கும். பேட்ல தப்பு இல்ல சார். ட்ராக்ல ஓட்டினா டிஸ்க் எரியத்தான் செய்யும். எப்போ நிறுத்தணும்னு பாக்க வேண்டியவ நான். நான் ஒழுங்காப் பாக்கலை. தப்பு என்னுது."

இந்த வார்த்தையை அவள் அந்தப் பட்டறையில் அதுவரை சொன்னதே இல்லை. டாக்டர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

தம்பி எழுந்து வந்து தராசின் பக்கத்தில் நின்றான். வழக்கமாக இந்நேரம் ஏதாவது கிண்டல் செய்திருப்பான். ஒன்றும் சொல்லவில்லை. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கரகரப்பு நின்னுபோச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். "அப்புறம் நீ ஒண்ணுமே சொல்லலையே."

"நிக்கலைக்கா."

"அப்புறம் ஏன்டா சொல்லலை?"

அவன் தலைக்கவசத்தின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தான். "போன தடவை கடைசித் திருப்பத்துல வண்டி நிக்கவே இல்ல. நேரா மண்ணுல போய் இறங்கிருச்சு. சுவத்துக்கும் என் பக்கத்துக் கதவுக்கும் இவ்வளவுதான் இருந்துச்சு." கையை விரித்து ஒரு முழம் காட்டினான்.

டாக்டர் சட்டென்று திரும்பினார். "நான் லேட்டா பிரேக் அடிச்சேன்னுதானே சொன்னீங்க? அதுக்கு எவ்வளவு நேரம் திட்டினீங்க! வெக்கமாப் போயி மறுநாளே மண்ணு தெரியாம வண்டியக் கழுவக் குடுத்தேன். ரெண்டு ராத்திரி தூங்கலை நான்."

"மன்னிச்சிருங்க சார். நீங்க சரியாத்தான் அடிச்சீங்க. எனக்கு அப்பவே தெரியும்." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆனா அக்கா எடை போட்ட வண்டி. பிரேக்ல தப்பு இருக்காதுன்னு நெனச்சேன். அப்போ ஓட்டினவர் மேலதானே தப்பு இருக்கணும்? அதான் உங்க மேல போட்டுட்டேன்."

"அடப்பாவி" என்றாள் அவள். பிறகு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "சுவத்துல போய் அடிச்சிருந்தா என்னடா பண்ணுவேன் நான்? அதுக்கப்புறமும் இன்னைக்கு ஹெல்மெட்டை எடுத்துட்டு வந்து உக்காந்திருக்கியே, உனக்கு மூளை இருக்கா? எந்த தைரியத்துல மறுபடியும் அதுல ஏற வந்த?"

அவன் அவளைப் புரியாமல் பார்த்தான், கேட்கவே தேவையில்லாததை அவள் கேட்டுவிட்டதைப் போல.

"நீ பாக்குற வண்டிதானேக்கா" என்றான்.

அவள் கை அவன் சட்டையிலிருந்து நழுவியது. தொட்டித் தண்ணீர் சிந்திக் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் இருக்கிறார், டயர்க்காரர் எட்டிப் பார்க்கிறார் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. வாய்விட்டு அழுதாள்.